சிங்கப்பூர் பேக்கேஜில் 'எக்ஸ்பிரஸ்' என்று சொன்னால், எந்த எக்ஸ்பிரஸ் என்று கேளுங்கள்

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் பொழுதுபோக்குப் பார்க்குக்குப் போக நினைப்பவர்கள் ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். 'எக்ஸ்பிரஸ்' என்ற ஒரு சொல்லுக்கு நான் 35,000 ரூபாய் கொடுத்தேன். அதற்குக் கிடைத்தது ஆளுக்கு நாலு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விலையுள்ள ரயில் டிக்கெட்.

2025 மே மாதக் கடைசி. நான், மனைவி, பதினொரு வயது மகள், ஆறு வயது மகன், 67 வயது அம்மா. திருச்சியிலிருந்து நேர் விமானம். ஊரில் ஓரளவு பெயர் உள்ள ஒரு டிராவல்ஸ்காரரிடம் பேக்கேஜ் எடுத்தோம். பெயரைப் போடவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. ஐந்து பேருக்கும் சேர்த்து 4,20,000 ரூபாய். அதற்கு மேல் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி), அப்போது 5 சதவீதம், 21,000. பணத்தை அவர் சொன்ன சேமிப்புக் கணக்குக்கு யுபிஐ-யில் பல தவணையாக அனுப்பினேன். அது கம்பெனி கணக்கு இல்லை என்பது அப்போதே உறைத்திருக்க வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமாவது முறையிட்டிருக்கலாம்.

பிள்ளைகளுக்கு அந்த பார்க்கில் அந்த வருடம் பிப்ரவரியில் புதிதாகத் திறந்த மினியன் லேண்ட் பகுதியைப் பார்த்தே ஆக வேண்டும். லீவு நாள், கூட்டம் பின்னும் என்று தெரியும். "எக்ஸ்பிரஸ் போட்டுக்கங்க சார், தலைக்கு 7,000 ஆகும். கியூவே கிடையாது, போனோமா ஏறினோமான்னு இருக்கும்" என்றார். அம்மாவுக்கு முழங்கால் வலி, மணிக்கணக்கில் நிற்க முடியாது. அதை நினைத்துத்தான் சரி என்றேன்.

கிளம்பும் முன்பே ஒரு சின்னக் கோளாறு. சிங்கப்பூருக்கு நுழைவு அட்டை நிரப்ப வேண்டும் என்று தலைக்கு 500 வாங்கினார். அது சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளத்தில் இலவசம். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நாமே நிரப்பிவிடலாம். எனக்கு இது விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லித்தான் தெரியும். 2,500 ரூபாய்தானே என்று விட்டுவிட்டேன்.

அன்று காலை வேன் எங்களை விவோசிட்டி மாலில் இறக்கியது. மூன்றாம் தளத்தில் இருந்து செந்தோசா தீவுக்கு மோனோ ரயில் போகிறது. டிரைவர் தமிழர்தான், தஞ்சாவூர்ப் பக்கம். ஐந்து டிக்கெட்டைக் கையில் கொடுத்து, "இந்தாங்க சார், உங்க எக்ஸ்பிரஸ்" என்றார். நான் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். அந்த ரயிலுக்குப் பெயரே செந்தோசா எக்ஸ்பிரஸ். தீவுக்குள் போக நாலு வெள்ளி, திரும்பி வரும்போது காசே கிடையாது. ஐந்து பேருக்கு இருபது வெள்ளி, நம் பணத்தில் சுமார் 1,300 ரூபாய். கடற்பாலத்தில் நடந்து போனால் அதுவும் மிச்சம். இந்தக் கணக்கெல்லாம் அப்புறம் போட்டது. அந்த நேரத்தில் டிரைவர் எதைச் சொல்கிறார் என்றே எனக்கு விளங்கவில்லை.

பார்க் வாசலில் உள்ள பெரிய யூனிவர்சல் பூமி உருண்டை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு நுழைவாயிலுக்குப் போனோம். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப்பில் ஐந்து பார்கோடு. மனைவிக்குப் பச்சை விளக்கு, மகளுக்குப் பச்சை, மகனுக்குப் பச்சை. அம்மாவுக்குச் சிவப்பு. எனக்கும் சிவப்பு. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தும் சிவப்புதான். அதற்குள் மகன் உள்ளே ஓடிவிட்டான், அவனைப் பிடிக்க மனைவியும் போய்விட்டார்.

விருந்தினர் சேவை கவுன்டரில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தார். அம்மாவைப் பார்த்ததும், "ஆன்ட்டி, நீங்க முதல்ல உட்காருங்க" என்று நாற்காலி போட்டார். கணினியில் பார்த்துவிட்டுச் சொன்னார்: இந்த இரண்டு டிக்கெட்டும் அரை மணி நேரத்துக்கு முன்பே உள்ளே போய்விட்டன. அதாவது அதே பிடிஎஃப் வேறொரு குடும்பத்துக்கும் போயிருக்கிறது. யார் முதலில் காட்டுகிறார்களோ அவர்களுக்குக் கதவு திறக்கும். "எங்ககிட்ட நேரா வாங்கலையே சார், வித்தவங்களைத்தான் கேக்கணும்" என்றார். அதில் தவறில்லை, அவர் என்ன செய்வார்?

விற்றவரைக் கேட்கலாம் என்றால் அங்கே காலை 10 மணி, திருச்சியில் 7:30. போன் சுவிட்ச் ஆஃப். வேன் ஏற்பாட்டாளரை அழைத்தால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க சார், ஆபீஸ் திறக்கட்டும்" என்கிறார். உள்ளே மூன்று பேர், வெளியே இரண்டு பேர். மனைவியின் போனில் ரோமிங் இல்லை. முக்கால் மணி நேரம் அந்த வெயிலில் நின்றுவிட்டு, வேறு வழியில்லாமல் கவுன்டரிலேயே இரண்டு டிக்கெட் வாங்கினேன். எனக்கு எண்பது வெள்ளிக்கும் மேல். அம்மாவுக்கு அதில் பாதிதான்! 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கும் கட்டணம் குறைவு. எங்கள் ஏஜென்ட் ஐந்து பேருக்கும் பெரியவர் கட்டணமே போட்டிருந்தார்.

சரி, போகட்டும், எக்ஸ்பிரஸ் இருக்கிறதே என்று உள்ளே போனோம். டிரான்ஸ்பார்மர்ஸ் சவாரி வாசலில் சாதாரண வரிசைக்கு 90 நிமிடம் என்று பலகை. நான் கம்பீரமாக எக்ஸ்பிரஸ் வழியில் போய் போனை நீட்டினேன். அங்கிருந்த பையன் பார்த்துவிட்டு, இது நுழைவு டிக்கெட் மட்டும்தான் என்றான். எக்ஸ்பிரஸ் என்பது தனிச் சீட்டு, தனி விலை. அதை மட்டும் வைத்துக்கொண்டு பார்க்குக்குள் நுழைய முடியாது, நுழைவு டிக்கெட்டை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் போகவும் முடியாது. அப்போதுதான் காலையில் டிரைவர் சொன்னது மண்டையில் ஏறியது. மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, அந்த ரயிலா?" என்றாள்.

அன்று முழுக்க வரிசைதான். மினியன் லேண்டில் ஒரே ஒரு சவாரி. மதியம் இடி இடித்து மழை. மின்னல் அடித்தால் வெட்டவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள், அதுவும் ஒரு மணி நேரம் போனது. அம்மா ஒரு கடையோரம் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போங்கப்பா, நான் பையைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பேக்கேஜில் இருந்த 'இந்தியன் லஞ்ச்' பற்றித் தனியாக எழுதும் தெம்பு எனக்கு இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். உண்மையான எக்ஸ்பிரஸ் இருந்திருந்தாலும் என் மகனுக்குப் பாதிதான் பயன்பட்டிருக்கும். அவன் உயரம் 110 செ.மீ. மம்மி சவாரிக்கு 122 வேண்டும், பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவுக்கு 125. டிரான்ஸ்பார்மர்ஸுக்கு 102 போதும். பணம் கட்டும் முன் பிள்ளையைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்துவிடுங்கள். எங்கள் ஏஜென்ட் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஊர் திரும்பி அவர் அலுவலகத்துக்குப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தார். பயணத் திட்டத் தாளை எடுத்து, விரலை வைத்துக் காட்டினார்: செந்தோசா எக்ஸ்பிரஸ், இன்க்ளூடட். "எழுதியே கொடுத்திருக்கோமே சார்." கியூ கிடையாது என்று சொன்ன அவருடைய வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினேன். கொஞ்சமும் அசரவில்லை. "ரயிலுக்கு ஏது சார் கியூ?" என்றார். நாலு வெள்ளி ரயிலுக்கு ஏன் 7,000 என்றதற்கு, "அது பேக்கேஜ் ரேட் சார், பிரிச்சுப் பாக்கக் கூடாது."

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். மூன்று வாரத்தில் இரண்டு டிக்கெட்டின் பணம், 8,000 சொச்சம், திரும்பி வந்தது. அந்த வாய்ஸ் மெசேஜும் கவுன்டர் ரசீதும் இருந்ததால்தான் வந்தது என்று நினைக்கிறேன். எக்ஸ்பிரஸ் பணத்துக்கு அவர் மசியவில்லை. அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம், கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்கவில்லை, நானே எழுதினேன்.

நீங்கள் போவதாக இருந்தால், நுழைவு டிக்கெட்டையாவது பார்க்கின் தளத்திலேயே உங்கள் பெயரில் வாங்கிவிடுங்கள். ஏஜென்ட்தான் வாங்குவார் என்றால் 'யூனிவர்சல் எக்ஸ்பிரஸ், இத்தனை பேருக்கு, இந்தத் தேதிக்கு' என்று எழுத்தில் கேளுங்கள். வெறும் எக்ஸ்பிரஸ் என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். பிடிஎஃப் வந்த அன்றே ஏஜென்ட் வாங்கிய ரசீதையும் கேளுங்கள். தயங்கினால் காரணம் இருக்கும்.

அப்புறம் அந்த டிசிஎஸ். நம்மிடம் வாங்கிய வரியை அவர் அரசுக்குக் கட்ட வேண்டும், நம் கணக்குத் தாக்கலில் அதைக் கழித்துக்கொள்ளலாம். அவர் கட்டியிருந்தால் என் 26ஏஎஸ் என்ற வரி விவரத் தாளில் தெரிந்திருக்கும், 27டி என்ற வரிச் சான்றிதழும் தந்திருப்பார். நான் பணம் கொடுத்தது ஏப்ரலில். அந்தக் காலாண்டுக் கணக்கை ஜூலை 15-க்குள் அவர் கொடுத்திருக்க வேண்டும். ஆகஸ்டில் பார்த்தேன், இல்லை. செப்டம்பரில் பார்த்தேன், இல்லை. ஆடிட்டர் ஊரில் இல்லையாம். 21,000 ரூபாய்.