ரப்பரா, பாலியா, ஹாப்கட்டா? வீராவுக்கு எஞ்சின் மவுண்டிங் மாற்றியபோது

சுங்கை சிப்புட்டில் எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு மூன்று வாசல்களில் புரோட்டோன் வீரா நிற்கிறது. 1993 முதல் 2009 வரை வந்த காடி. என்னுடையது 1.5 லிட்டர், ஓட்டோ கியர். போன மாதம், எஞ்சினைக் காடியோடு பிடித்துத் தாங்கும் நான்கு எஞ்சின் மவுண்டிங்கையும் வாசலிலேயே வைத்து மாற்றினேன், மச்சான் துணைக்கு வந்தார். அதற்கு முன் எதை வாங்குவது என்றே ஒரு வாரம் அலைந்தேன்.

மவுண்டிங் கெட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது சுலபம். ரிவர்ஸ் போட்டதும் "டக்" என்று ஒரு அடி விழும். ஏர்கோன் ஓடும்போது சமிக்ஞை விளக்கில் நின்றால் ஸ்டீயரிங் நடுங்கும். பானட்டைத் திறந்து, பிரேக்கை அழுத்தியபடி டி கியரில் லேசாக எக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னால் எஞ்சின் எழும்பிக் குதிப்பது கண்ணுக்கே தெரியும்.

ஹாப்கட் கடையை, அதாவது பாதியாக வெட்டி வரும் பழைய காடிகளின் சாமான் விற்கும் கடையை, நான் சீக்கிரமே விட்டுவிட்டேன். வீரா, மிட்சுபிஷி லான்சரை வைத்துச் செய்த காடி. அதனால் ஜப்பானிலிருந்து வரும் பழைய லான்சரின் மவுண்டிங் பொருந்தும், விலையும் இறங்கும். ஆனால் அந்த ரப்பருக்கும் 25 வயதுக்கு மேல் ஆகியிருக்கும். காடி ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் மூப்படையும். வெயிலில் போட்ட ரப்பர் ஷீட் எப்படி வெடிக்கும் என்று எங்கள் அம்மாவைக் கேட்டால் சொல்லுவார், முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர்.

பெயரில்லாத பெட்டியில் வரும் மலிவு ரப்பரும் வேண்டாம். முன்பக்க மவுண்டிங்கை மட்டும் ஒரு முறை அப்படி மாற்றினேன், வருடம் முடியுமுன் இரும்பிலிருந்து ரப்பர் பிய்ந்துவிட்டது. மற்ற மூன்றும் தொய்ந்திருந்ததால் எல்லாப் பாரமும் அந்தப் புதியதன் தலையில் விழுந்ததும் ஒரு காரணம். அதனால்தான் இந்த முறை நான்கையும் சேர்த்தே மாற்றினேன்.

மிச்சம் இரண்டு: அசல் ரப்பர், பாலியூரித்தேன் என்ற கடினமான செயற்கைப் பொருள் (சுருக்கமாக பாலி). "பாலி போடுங்கண்ணே, ஆயுசுக்கும் தொட வேண்டாம்" என்றார் ஸ்பேர் பார்ட்ஸ் கடைத் தம்பி. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பாலிக்கு எஞ்சின் எண்ணெய் ஒரு பொருட்டே இல்லை. இயற்கை ரப்பரோ எண்ணெய் பட்டால் ஊறி, வீங்கி, கொழகொழத்துப் போகும். பழைய வீராக்களில் எஞ்சினின் மேல்மூடியான வால்வ் கவரிலிருந்து எண்ணெய் ஒழுகாதது அபூர்வம்.

இருந்தும் நான் ரப்பரையே எடுத்தேன். காரணம் ஒன்றுதான், நின்றிருக்கும்போது வரும் நடுக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றில் ஓடினால், ஒரு சுற்றுக்கு 2 வெடிப்பு, அதாவது நொடிக்கு 25 அடி. அந்த அடியைக் காடியின் உடம்புக்கு விடாமல் விழுங்குவதுதான் மவுண்டிங்கின் வேலை. கடினம் அளக்கும் ஷோர் ஏ கணக்கில் மவுண்டிங் ரப்பர் 50-ஐ ஒட்டி நிற்கும். கடையில் கிடைக்கும் பாலி 70-இலிருந்து 95 வரை போகும். கடினம் கூடக் கூட எஞ்சின் ஆடாது, ஆனால் அந்த 25 அடியும் நேராக சீட்டுக்கு வந்துவிடும். மேனுவல் காடியில் நியூட்ரல் போட்டு நிற்கலாம். ஓட்டோவில் டி கியரில் பிரேக் பிடித்து நிற்கும்போது எஞ்சின் தன் முறுக்கால் மவுண்டிங்கை அழுத்திக்கொண்டே இருக்கும், ஏர்கோன் பாரம் வேறு. நடுக்கம் அங்கேதான் அதிகம்.

அம்மாவுக்கு முதுகுவலி. மாதம் ஒரு முறை ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன், நகருக்குள் நுழைந்தால் விளக்குக்கு விளக்கு நிற்க வேண்டும். பாலி போட்ட நண்பரின் காடியை இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன். டேஷ்போர்டு கலகலத்தது, கதவில் வைத்த தண்ணீர்ப் போத்தல் தாளம் போட்டது. இரண்டு வார அனுபவம்தான். பாலி மூன்று வருடத்தில் படிந்து மிருதுவாகுமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று வருடத்தை அம்மாவின் முதுகில் ஏற்றிப் பார்க்க எனக்கு மனமில்லை.

எண்ணெய்ப் பிரச்சினைக்கு வழி சுலபம். புது மவுண்டிங் போடுமுன் வால்வ் கவர் கேஸ்கட்டை மாற்றினேன், மவுண்டிங் விலைக்குப் பக்கத்தில்கூட அது வராது. எண்ணெய் மாற்றும்போதெல்லாம் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். ரப்பரைத் தேர்ந்தால் இந்தப் பார்வை கட்டாயம்.

வேலையில் கவனிக்க வேண்டியது: எஞ்சினின் அடியில் இருக்கும் எஞ்சின் எண்ணெய்த் தொட்டிக்கு (சம்ப்) கீழே பலகை வைத்து ஜேக்கால் எஞ்சினைத் தாங்குங்கள். காடியைத் தூக்கினால் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜேக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. ஒரு நேரத்தில் ஒரு மவுண்டிங்தான். போல்ட்டுகளைக் கையால் மாட்டி, ஜேக்கை இறக்கி, எஞ்சின் தன் பாரத்தில் உட்கார்ந்த பிறகே முறுக்குங்கள். முன்பே முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். பின்பக்க மவுண்டிங்குக்கு மட்டுமே எங்களுக்கு அரை நாள் போயிற்று.

மச்சானின் வீரா மேனுவல். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் தினம் குதித்து ஓடுகிறது, ஏர்கோனும் செத்துப் பல நாள். அவருக்கு முன்னும் பின்னும் பாலி, இரண்டு பக்கமும் ரப்பர் என்று நானே சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிறு அந்த வேலை.