சின்ன வெங்காயமா, ரோஸ்மேரியா, செம்பருத்தியா? முடி உதிர்வுக்கு எதில் ஆதாரம் இருக்கிறது

முடி கொட்டுகிறது என்று வாயைத் திறந்தாலே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எதைத் தேய்ப்பது என்பது அப்புறம், முதலில் எந்த வகை உதிர்வு என்று பாருங்கள்.

வெங்காயச் சாறு. பாக்தாதில் புழுவெட்டு வந்தவர்களுக்கு தினம் இரண்டு வேளை தடவிப் பார்த்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு வாரத்தில் 23 பேரில் 20 பேருக்கு முடி முளைத்தது, வெறும் குழாய்த் தண்ணீர் தடவிய 15 பேரில் எட்டு வாரம் ஆகியும் 2 பேருக்குத்தான். புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்க்கும் நம் ஊர்ப் பழக்கத்தோடு இது அப்படியே ஒத்துப்போவதில் எனக்கு நிஜமான சந்தோஷம். ஆனால் புழுவெட்டு என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வட்டமாகக் கொட்டுவது, பலருக்குத் தானாகவே திரும்ப முளைத்தும் விடும். பரம்பரையாக வரும் வழுக்கையை அந்த ஆய்வு தொடவே இல்லை. யூடியூபில் வெங்காயத்தைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவதுதான் எனக்குக் கோபம்.

வழுக்கைக்கு என்றால் ரோஸ்மேரி எண்ணெய் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. 2015-ல் வெளியான ஈரானிய ஆய்வில் 100 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ரோஸ்மேரி, மறு குழுவுக்கு வழுக்கைக்குத் தடவும் மருந்தான மினாக்சிடில் 2 சதவீதத்தில் கொடுத்தார்கள். மூன்று மாதம் வரை சொல்லிக்கொள்கிற மாற்றம் எதுவும் இல்லை, ஆறாவது மாதம் இரண்டு குழுவுக்கும் முடி கூடியிருந்தது, ஏறக்குறைய சமமாக. குறை என்னவென்றால், மருந்தில்லாத வெறும் திரவம் தடவிய மூன்றாவது குழு கிடையாது. ஆண்களுக்கு வழக்கமாகத் தருவதும் 5 சதவீத மினாக்சிடில், அதோடு மோதிப் பார்க்கவில்லை. அதனால் மினாக்சிடில் ஒத்துக்கொள்ளாதவர்கள் முயன்று பார்க்கலாம் என்பதற்கு மேல் நான் போக மாட்டேன்.

செம்பருத்தி, கரிசலாங்கண்ணி இரண்டுக்கும் கையில் இருப்பது பெரும்பாலும் எலி ஆய்வுகள். 2003-ல் வந்த ஒன்றில் செம்பருத்திப் பூவைவிட இலைச் சாறே நன்றாக வேலை செய்தது. ஆனாலும் எலி முதுகு வேறு, நம் உச்சந்தலை வேறு.

தேங்காய் எண்ணெய் முடியை முளைக்க வைக்காது. ஆனால் அது முடித்தண்டுக்குள் இறங்கிப் புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது, கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அதைச் செய்யவில்லை என்று 2003-லேயே காட்டியிருக்கிறார்கள். சீப்பில் வந்த முடியின் நுனியைப் பாருங்கள். வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் வேரோடு உதிர்ந்தது. குமிழே இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் அது உடைந்த முடி, அதற்குத் தேங்காய் எண்ணெய் உதவலாம்.