குன்னூரில் ஒரு நரம்பியல் சிகிச்சையகம்

இடக்கை மரத்துத் தளர்ந்து, பேச்சுக் குழறி, அதன்பின் தலைவலி தொடங்கும் என் தங்கையின் நோயைப் பக்கவாதம் என்றே வீட்டில் அஞ்சிக்கொண்டிருந்தோம். மாதம் இருமுறை குன்னூருக்கு வரும் நரம்பியல் மருத்துவரின் சிறிய சிகிச்சையகத்தில்தான் அதற்கு ‘ஹெமிப்ளீஜிக் மைக்ரேன்’, அதாவது உடலின் ஒருபக்கம் தளரும் ஒற்றைத் தலைவலி, என்ற பெயர் கிடைத்தது.

பெயரைச் சொல்லுமுன் முக்கால் மணி நேரம் விசாரித்தார். பக்கவாதத்தில் தளர்ச்சி பெரும்பாலும் சட்டெனத் தாக்கும் என்றும், இதிலோ பார்வையில் மின்னும் கோடுகள், மரமரப்பு, பேச்சுத் தடுமாற்றம் என ஒவ்வொன்றாக நிமிடக்கணக்கில் பரவி, தளர்ச்சி பெரும்பாலும் 72 மணி நேரத்திற்குள் நீங்கிவிடும் என்றும் விளக்கியவர், அம்மாவுக்கும் இப்படி வந்ததுண்டா என்று கேட்டபோதுதான், காத்து கருப்பு என்று மந்திரித்துவிட்ட பழைய கதை வெளியே வந்தது. சிஏசிஎன்ஏ1ஏ, ஏடிபி1ஏ2 போன்ற மரபணுக்களின் மாற்றத்தால் இது குடும்பவழி வரக்கூடுமாம்.

சாதாரண ஒற்றைத் தலைவலிக்குத் தரும் சுமட்ரிப்டான் வகை மாத்திரைகளை இந்நோய்க்குப் பொதுவாகத் தவிர்ப்பதால், நாங்கள் கடையில் கேட்டு வாங்கியதை நிறுத்தச் சொல்லி, தடுப்பு மருந்தாக ஃப்ளூனரிசினை இரவில் கொடுத்தார். ஆறு மாதத்தில் ஒரே ஒருமுறைதான் வந்தது.

குறைகளும் உண்டு. பக்கவாதம் இல்லையென உறுதிசெய்யும் எம்ஆர்ஐ பரிசோதனைக்குக் கோயம்புத்தூர் இறங்க வேண்டியிருந்தது; முன்பதிவு செய்தும் குளிரடிக்கும் தாழ்வாரத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். கண்ணைக் கூசவைக்கும் அந்தக் குழல்விளக்கையாவது மாற்றலாம். வருபவர்களில் பாதிப்பேர் தலைவலிக்காரர்கள்.