இங்கிலாந்து மகளிர் கவுண்டி கிரிக்கெட்: புதிய ஏற்பாட்டுக்கு ஐந்துக்கு மூன்றரை

சன்ரைசர்ஸ் என்றதும் நமக்கு ஆரஞ்சு ஜெர்சியும் கேலரியில் காவ்யா மாறனும்தான் ஞாபகம் வரும். இதே பெயரில் 2020 முதல் 2024 வரை இங்கிலாந்தில் ஒரு மகளிர் அணி ஆடியது. ஹைதராபாத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. லண்டனுக்கும் கிழக்கு மாவட்டங்களுக்குமான வட்டார அணி அது. முதல் இரண்டு சீசன்களில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. 2022-ல்தான் முதல் வெற்றி. 2024 செப்டம்பரில் லெஸ்டர் மைதானத்தில், மழை குறுக்கிட்ட இறுதி ஆட்டத்தில் சவுத் ஈஸ்ட் ஸ்டார்ஸை வீழ்த்தி, ஐம்பது ஓவர் தொடரான ரேச்சல் ஹேஹோ ஃபிளின்ட் கோப்பையைத் தூக்கியது. கேப்டன் கிரேஸ் ஸ்க்ரிவன்ஸுக்கு அப்போது 20 வயது.

அதோடு அந்த அணியின் கதை முடிந்தது. 2025-லிருந்து அந்த இடத்தில் எசெக்ஸ் கவுண்டி, அதாவது அந்த மாவட்டத்தின் கிரிக்கெட் கிளப், நிற்கிறது, கேப்டன் அதே ஸ்க்ரிவன்ஸ். இது எசெக்ஸுக்கு மட்டும் நடந்ததல்ல. எட்டு வட்டார அணிகளையும் கலைத்து, மகளிர் கிரிக்கெட்டை எட்டு கவுண்டிகளின் கையில் ஒப்படைத்துவிட்டது இங்கிலாந்து வாரியமான ஈசிபி. அந்த முதல் அடுக்கு ஏற்பாடு எப்படி இருக்கிறது, எது வேலை செய்கிறது, எது சறுக்குகிறது என்பதை 2025 சீசனை வைத்துப் பார்க்கலாம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: சம்பளமும் வசதியும் நன்று, ஆட்டங்களின் எண்ணிக்கை மிக நன்று, அட்டவணை சுமார், பலநாள் ஆட்டத்துக்கு மதிப்பெண்ணே கிடையாது.

முன்பு இருந்தது என்ன என்று தெரிந்தால்தான் இப்போது கிடைத்திருப்பதன் அருமை புரியும். 2014-ல்தான் இங்கிலாந்து தேசிய அணி வீராங்கனைகளுக்கு முதல் முறையாக மைய ஒப்பந்தம் வந்தது. அந்தப் பட்டியலில் 18 பேர். அதற்குக் கீழே இருந்த யாருக்கும் கிரிக்கெட் ஒரு தொழில் இல்லை; வேலையோ படிப்போ முடித்துவிட்டு மாலையில் வலைப்பயிற்சிக்கு வருவார்கள். 2016-ல் வந்த கியா சூப்பர் லீக் ஆறு அணிகளோடு நான்கு சீசன் ஓடி 2019-ல் நின்றது. 2020-ல் எட்டு வட்டார அணிகள் வந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் 41 பேர் முழுநேர உள்நாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். எட்டு அணிக்கு 41 பேர் என்றால் அணிக்கு ஐந்து பேர்தான். மைதானத்தில் இறங்கும் பதினொரு பேரில் ஆறு பேர் அப்போதும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை காலை வேலைக்குத் திரும்பியவர்கள். 2023-க்கு ஒப்பந்தங்கள் அணிக்குப் பத்தாக உயர்ந்தன.

இப்போது முதல் அடுக்கில் இருக்கும் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஈசிபி ஆண்டுக்கு 13 லட்சம் பவுண்ட் தருகிறது. பதிலுக்குக் குறைந்தது 15 வீராங்கனைகளை ஒப்பந்தத்தில் வைத்திருக்க வேண்டும். கோச், பிசியோ, உடற்பயிற்சி நிபுணர் எல்லோரும் கவுண்டியின் ஊழியர்கள். ஒப்பந்தத்தின் ஆரம்பச் சம்பளத்தை ஆண்களுக்கு இணையாக 2025 முதல் ஆக்கியிருக்கிறார்கள். உச்சியில் இருக்கும் இடைவெளி மட்டும் அப்படியே இருக்கிறது. 2025-ல் ஹண்ட்ரட் என்ற நூறு பந்துத் தொடரில் பெண்களுக்கான அதிகபட்சச் சம்பளம் 65,000 பவுண்ட், ஆண்களுக்கு 2 லட்சம்.

இந்த ஏற்பாட்டின் ஆகச் சிறந்த பகுதி என்று நாங்கள் சொல்வது பணத்தை அல்ல, இடத்தை. வட்டார அணிக்குச் சொந்த மைதானம் கிடையாது. சன்ரைசர்ஸ் ஒரு நாள் செம்ஸ்ஃபோர்டில் ஆடும், இன்னொரு நாள் நார்தாம்ப்டனில், வேறொரு நாள் ராட்லெட்டில். எது காலியோ அதுதான் வீடு. வீட்டு மைதானத்தின் பிட்ச் எப்படிப் போகும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளவே வழியில்லை. கவுண்டிக்குள் வந்ததும் ஒரே வளாகத்தில் வலை, ஜிம், பிசியோ அறை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் அன்றைக்கே பார்க்க ஆள் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க உள்ளரங்கில் பயிற்சி எடுக்க முடிகிறது.

வேகப்பந்து வீச்சாளர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாற்றத்தின் முழு எடையும் விழுவது அவர்கள் முதுகில்தான். 2020 சீசனில் லீக் கட்டத்தில் ஒரு அணிக்கு 6 ஒருநாள் ஆட்டங்கள். ஒரு பவுலர் எல்லா ஆட்டத்திலும் தன் முழு ஒதுக்கீட்டையும் வீசினால் 60 ஓவர். 2021-ல் 7 ஒருநாள், 6 டி20: கணக்கு 94 ஓவருக்கு ஏறியது. 2025-ல் ஒருநாள் கோப்பையில் 14, பிளாஸ்ட் என்ற டி20 தொடரில் 14. அதாவது 140-ம் 56-ம் சேர்ந்து 196 ஓவர். நாக் அவுட்டையும் கவுண்டி டி20 கோப்பையையும் ஹண்ட்ரடையும் இதில் சேர்க்கவில்லை. ஐந்தே ஆண்டில் மூன்று மடங்குக்கு மேல். உடம்பு இதற்குப் பழக வேண்டுமானால் பந்துகளின் எண்ணிக்கையை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். இரண்டு வாரம் ஓய்வில் இருந்துவிட்டு நேராக ஒரே வாரத்தில் மூன்று ஆட்டம் வீசினால் இடுப்புக்கு மேலே கீழ்முதுகு எலும்பில் அழுத்த விரிசல் வரக்கூடும். இருபது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்த எலும்பு முழுதாக இறுகியிருக்காது என்பதால் ஆபத்து இன்னும் அதிகம். ஒரு முறை வந்தால் பல மாதம் வெளியேதான். ஆகவே ஒரு அணியை எடைபோட நினைப்பவர்கள் வெளிநாட்டு நட்சத்திரம் யார் என்று பார்ப்பதைவிட, நான்காவது ஐந்தாவது வேகப்பந்து வீச்சாளர் யார், அவரை எத்தனை ஆட்டத்துக்கு ஒருமுறை இறக்குகிறார்கள் என்று பாருங்கள். அணியை எவ்வளவு கவனமாக நடத்துகிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

அடுத்தது 15 என்ற எண். காகிதத்தில் போதும் போலத் தோன்றும். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை 22 வரை இந்தியாவோடு ஐந்து டி20, மூன்று ஒருநாள் என்று இங்கிலாந்து ஆடிக்கொண்டிருந்தபோது பிளாஸ்டும் நடந்துகொண்டிருந்தது. ஒரு கவுண்டியிலிருந்து மூன்று பேர் தேசிய அணிக்குப் போய், இரண்டு பேர் காயத்தில் இருந்தால் மிச்சம் பத்து. பதினொன்றாவது ஆளை அகாடமியிலிருந்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் வேறு கவுண்டியிடம் ஒருவரை லோனுக்குக் கேட்க வேண்டும். டேனி வயட்-ஹாட்ஜ், ஆலிஸ் கேப்சி, சோஃபியா டங்க்லி மூவரையும் வைத்திருந்த சர்ரே மாதிரியான அணிக்கு இது நேரடி அடி. அப்படியிருந்தும் சர்ரேதான் ஜூலை 27-ல் ஓவல் மைதானத்தில் வார்விக்‌ஷயரை வென்று பிளாஸ்ட் கோப்பையை எடுத்தது. கையில் ஆள் இருப்பு உள்ள பெரிய கவுண்டி சமாளித்துக்கொள்ளும். மற்றவர்களுக்கு 15 போதாது, 18 வேண்டும் என்பது எங்கள் கருத்து.

டபுள் ஹெடர் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். பெண்கள் ஆட்டம் முதலில், ஆண்கள் ஆட்டம் பிறகு என்பதுதான் வழக்கம். காலையில் பவுண்டரி கயிறு உள்ளே இழுத்துப் போடப்பட்டிருக்கும். சர்வதேச விதிப்படி பெண்களுக்கு அது 55 முதல் 64 மீட்டருக்குள். ஆண்களுக்கு 82 மீட்டர் வரை போகலாம். முதல் ஆட்டம் முடிந்ததும் மைதானப் பணியாளர்கள் கயிற்றையும் அதன் மேல் போர்த்திய விளம்பர நுரைப் பட்டைகளையும் சுற்றிலும் நகர்த்துவார்கள். பந்தும் வேறு: பெண்களுக்கு 140 முதல் 151 கிராம், ஆண்களுக்கு 156 முதல் 163. சிக்ஸர் எவ்வளவு தூரம் போனது என்பதைக் கயிற்றை வைத்து அளக்காமல் இருக்கையை வைத்து அளந்து பாருங்கள்; கயிற்றைத் தாண்டி எத்தனையாவது வரிசையில் விழுகிறது என்பதில் அடியின் கனம் தெரியும்.

டேவினா பெரின் அப்படித்தான் அடித்தார். 2025 ஆகஸ்ட் 30, ஹண்ட்ரட் எலிமினேட்டர், ஓவல் மைதானம். நார்தர்ன் சூப்பர்சார்ஜர்ஸுக்காக ஆடிய 18 வயதுப் பெண், லண்டன் ஸ்பிரிட்டுக்கு எதிராக 42 பந்தில் சதம். மகளிர் ஹண்ட்ரடில் அதற்கு முன் சதம் கண்டவர் டாமி போமான்ட் ஒருவர்தான். மறுநாள் லார்ட்ஸில், லீக் கட்டத்தில் எட்டு ஆட்டத்தையும் ஜெயித்து வந்த சதர்ன் பிரேவைத் தோற்கடித்து சூப்பர்சார்ஜர்ஸ் கோப்பையை எடுத்தது. இந்த அணியைத்தான் சென்னையின் சன் டிவி குழுமம் முழுவதுமாக வாங்கியிருக்கிறது. 2026-லிருந்து பெயர் சன்ரைசர்ஸ் லீட்ஸ். ஆக, கலைக்கப்பட்ட அணியின் பெயர் வேறொரு வாசல் வழியாக அதே நாட்டுக்குத் திரும்பியிருக்கிறது. பெரினின் அடியைக் கோடிப் பேர் ஹண்ட்ரடில் கொண்டாடட்டும். அந்த ஆண்டு முழுக்க அவருக்குச் சம்பளமும் வலைப்பயிற்சியும் தந்தது வார்விக்‌ஷயர் கவுண்டி. ஹண்ட்ரட் நான்கு வாரக் கடை. மிச்ச நாற்பத்தெட்டு வாரமும் கவுண்டிதான் திறந்திருக்கிறது.

குறைகளில் எங்களை ரொம்பவும் உறுத்துவது முதல் அடுக்குக்குக் கவுண்டிகளைத் தேர்ந்தெடுத்த விதம். பழைய மகளிர் கவுண்டி சாம்பியன்ஷிப்பை கென்ட் 8 முறை வென்றது, சசெக்ஸ் 6 முறை. இரண்டும் இப்போது இரண்டாம் அடுக்கில். ஏலம் மாதிரி விண்ணப்பம் கேட்டு, வசதியும் திட்டமும் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் பழைய பெருமைக்கு எடை குறைவாகத்தான் இருந்திருக்கும். அதைக்கூட ஒத்துக்கொள்ளலாம். ஆனால் 2028 முடியும்வரை ஏற்றமும் இறக்கமும் கிடையாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். இரண்டாம் அடுக்கில் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தாலும் மேலே போக முடியாது. இதன் விளைவு நேரடியானது: கென்ட் பெண் ஒருத்தி நன்றாக ஆடினால் அவளுக்கு முழுநேர ஒப்பந்தம் சர்ரேயிலோ எசெக்ஸிலோதான். வளர்த்த கிளப் வெறும் நாற்றங்காலாக நின்றுவிடும்.

யார்க்‌ஷயர் விவகாரமும் இதே ரகம்தான். வட்டார அணியான நார்தர்ன் டயமண்ட்ஸுக்கு வீடாக இருந்த அதற்கு 2025-ல் இடமில்லை. அணி டர்ஹாமுக்குப் போனது. கேப்டன் ஹோலி ஆர்மிடேஜும் அங்கே போனார். மேடி வில்லியர்ஸ், லாரன் ஃபைலர் போன்றவர்களைச் சேர்த்து டர்ஹாம் ஒரு நல்ல அணியைக் கட்டியது. ஒரே ஒரு வருடம் கழித்து 2026-ல் யார்க்‌ஷயரையும் முதல் அடுக்கில் சேர்த்தாயிற்று. ஒரு வருடத்துக்காக இவ்வளவு இடம்பெயர்ப்பு தேவையா? இரண்டையும் ஒன்றாகவே சேர்த்திருந்தால் வீராங்கனைகள் இரண்டு முறை வீடு தேட வேண்டியிருக்காது. அடுத்து 2027-ல் கிளமார்கன் வருகிறது. 

அட்டவணைக்கு வருவோம். 2025-ல் ஒருநாள் கோப்பை ஏப்ரலில் தொடங்கி, பிளாஸ்டுக்கு வழிவிட்டு, ஆகஸ்டில் ஹண்ட்ரடுக்காக முழுதாக நின்று, செப்டம்பரில் முடிந்தது. லங்காஷயர் ஹாம்ப்‌ஷயரை வென்று அந்தக் கோப்பையை எடுத்தது. தொடர்ந்து பார்த்தவர்களுக்கே புள்ளிப்பட்டியல் மறந்துபோகும் அளவுக்கு இடைவெளி. ஐம்பது ஓவர் ஆட்டத்தில் இன்னிங்ஸைக் கட்டுவதற்கு ஒரு தாளம் வேண்டும். 100 பந்து ஆடிவிட்டு வந்த மறு வாரமே அதைப் பிடி என்றால் கஷ்டம்தான். 30-வது ஓவரில் நின்று ஒன்று இரண்டாக எடுக்க வேண்டிய நேரத்தில் தூக்கி அடித்து அவுட் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பலநாள் ஆட்டம் என்று ஒன்று இந்த ஏற்பாட்டிலேயே இல்லை. 2025 ஜனவரி-பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆஷஸ் தொடரை இங்கிலாந்து மகளிர் அணி 16-0 என்ற புள்ளிக்கணக்கில் இழந்தது. மெல்போர்ன் டெஸ்டில் இன்னிங்ஸும் 122 ரன்னும் தோல்வி. அதற்குப் பிறகுதான் கோச் மாறி ஷார்லட் எட்வர்ட்ஸ் வந்தார், கேப்டனாக நாட் ஷிவர்-பிரன்ட் வந்தார். கோச்சை மாற்றினால் பீல்டிங் தேறும், தேர்வு தேறும். ஆனால் இரண்டாம் நாள் மதியம், பந்து பழசாகி, பிட்ச் செத்துக் கிடக்கும்போது 15 ஓவர் ஒரே இடத்தில் வீசும் பழக்கத்தை எந்த கோச்சும் பேச்சில் கற்றுத் தர முடியாது. அதைக் கவுண்டியில்தான் பழக வேண்டும். ஏப்ரலில் இரண்டு, செப்டம்பரில் இரண்டு என்று நான்கு மூன்றுநாள் ஆட்டம் வைத்தாலே போதும். இடம் இருக்கிறது, சம்பளம் கொடுத்தாயிற்று, ஆளும் இருக்கிறார்கள்.

பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: கவுண்டிகள் தங்கள் யூடியூப் பக்கத்தில் பெரும்பாலான ஆட்டங்களை நேரலையாகக் காட்டுகின்றன. கேமரா குறைவு, ரீப்ளே கஞ்சம். ஆனால் விளம்பர இரைச்சல் இல்லாமல், ஃபீல்டர் எங்கே நிற்கிறார், பவுலருக்கும் கேப்டனுக்கும் நடுவே என்ன பேச்சு ஓடுகிறது என்பதையெல்லாம் முழுதாகப் பார்க்க முடியும். இந்திய நேரப்படி மதியம் தொடங்கும் ஒருநாள் ஆட்டத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். எசெக்ஸ் ஆடினால் ஸ்க்ரிவன்ஸ் பேட்டிங் வரும்வரை காத்திருங்கள். இடதுகைக்காரர், கவருக்கும் மிட்-ஆஃபுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் விட மாட்டார்.