இசகாயாவில் இரண்டாவது சுற்று: சூடான சாக்கேயா, குளிர்ந்ததா?

வேலை முடிந்த கையோடு சக ஊழியர்கள் நான்கைந்து பேர் சிவப்புக் காகித விளக்கு தொங்கும் இசகாயா என்ற ஜப்பானிய மதுக்கடைக்குள் நுழைந்தால், முதல் சுற்று பெரும்பாலும் பீர்தான். அதில் விவாதமே கிடையாது. இரண்டாவது சுற்றில்தான் கட்சி பிரியும்: அரிசி மதுவான சாக்கேயைச் சூடாகச் சொல்வதா, குளிரக் குளிரவா?

கையில் காசு உள்ளவர்கள் குளிர்ந்த கின்ஜோ, டாய்கின்ஜோ என்ற உயர்ரக சாக்கே பக்கம் சாய்வார்கள். கின்ஜோவுக்கு அரிசியில் 40 சதவீதமாவது, டாய்கின்ஜோவுக்குப் பாதியாவது தீட்டிக் கழிக்கிறார்கள். பிறகு குளிர்ச்சியில் நிதானமாக நொதிக்க விடுவதால் முலாம்பழ வாசனை ஏறுகிறது. 10 டிகிரியையொட்டிப் பரிமாறினால் அது மூக்குக்கு நன்றாகத் தெரியும். கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினால் பாழ். சில கடைகளில் ஊற்றுவதே வேடிக்கைதான். சதுர மரப்பெட்டிக்குள் கண்ணாடிக் குவளையை வைத்து, விளிம்பு தாண்டிப் பெட்டிக்குள் வழியும்வரை ஊற்றுவார்கள். முதல் வாய் குடிக்கக் குவளையைத் தூக்க முடியாது, குனிய வேண்டும். மேலாளரும் குனிவார்.

ருசிக்கு அதுவே மேல். ஆனால் அந்தக் குவளை அவரவருடையது. கொடுக்கல் வாங்கல் இல்லை. சூடான சாக்கேயோ சுமார் 180 மில்லி பிடிக்கும் பீங்கான் குடுவையில், சின்னஞ்சிறு கிண்ணங்களோடு வரும். தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்வது அங்கே வழக்கமில்லை; பக்கத்தில் இருப்பவரின் கிண்ணத்தின் மீது ஒரு கண் வைத்திருக்க வேண்டும். பகலெல்லாம் மின்னஞ்சலில் மட்டும் பேசிய மூத்தவருக்கு இரு கைகளாலும் குடுவையைப் பிடித்து ஊற்றும்போது, புதியவருக்குப் பேச்சு தானாக வந்துவிடுகிறது. விலையும் இடிக்காது. சாதாரண ஜுன்மாய், ஹொன்ஜோசோ வகைகள் 40, 45 டிகிரியில்தான் சோபிக்கும். குழம்பில் ஊறிய முள்ளங்கி, முட்டை ஒதேனுக்கும் சுட்ட கோழி யாகிதோரிக்கும் அவையே பொருத்தம். பச்சை மீன் துண்டுகளுக்கு மட்டும் குளிர்ந்ததை விட்டுக்கொடுக்கிறேன்.

சூட்டில் ஒரு வம்பும் உண்டு. கிண்ணம் காலியானதும் யாராவது நிரப்பிவிடுவதால் எவ்வளவு உள்ளே போனது என்ற கணக்கு தவறிவிடும். 15 சதவீத ஆல்கஹால் விளையாட்டல்ல. போதும் என்றால் கிண்ணத்தை நிறைந்தபடியே விட்டுவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்குங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

ஐந்து பேர் கூடினால் என் ஓட்டு சூட்டுக்கே. இரண்டே பேர் என்றாலோ, தோக்கியோவின் ஆகஸ்ட் புழுக்கம் என்றாலோ, மரப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்லலாம்.