குரல் கம்மல் நான்கு வாரம் தாண்டினால் வெறும் மாத்திரையோடு வீடு திரும்பாதீர்கள்

பினாங்கில் பெரியவர் ஒருவருக்கு நடந்தது இது. குரல் காற்றாய்ப் போனது, பாதிப் பேச்சிலேயே மூச்சு வாங்கியது, கோப்பி குடித்தால் புரையேறியது. தனியார் கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக், கேஸ்ட்ரிக் மாத்திரை, ஸ்டீராய்டு என்று மாதக்கணக்கில் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்கோப் (நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழாய்) விட்டுத் தொண்டையை யாரும் பார்க்கவில்லை. பிறகு வேறோரிடத்தில் பார்த்தபோது இடது குரல் நாண் அசையவே இல்லை. "வைரஸ்தான்" என்று சொல்லி அந்த நாணில் ஊசி போட்டுப் பணம் வாங்கிக்கொண்டார்கள். குரல் திரும்பியது. அதை நம்பி இருந்ததில், நெஞ்சுக்குள் இருந்த கட்டி தாமதமாகத்தான் தெரிந்தது.

குரல் நாண் செயலிழப்பு ஓர் அறிகுறி. காரணம் வேறெங்கோ இருக்கும். இடது நாணுக்குப் போகும் நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. நுரையீரல் கட்டி, நெறிக்கட்டி, தமனி வீக்கம், தைராய்டு அறுவைச் சிகிச்சை என எதுவும் அதைப் பாதிக்கலாம். வெளிப்படையான காரணம் இல்லையென்றால், மண்டையோட்டின் அடிப்பகுதியிலிருந்து நெஞ்சு வரை சாயம் செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் போதாது. தமனி வளைவுக்கு அடியில் உள்ள சிறு கட்டி அதில் தெரியாமல் போகலாம்.

ஊசி கெட்ட சிகிச்சை இல்லை. அசையாத நாணைப் பருமனாக்கி நடுவுக்குத் தள்ளினால், மற்ற நாண் அதோடு சேர்ந்து மூடும். குரல் தெளியும், புரையேறுவதும் குறையும். ஆனால் ஊசியில் செலுத்தும் ஹயலுரோனிக் அமிலம் சில மாதங்களில் கரைந்துவிடும், நரம்பையும் குணப்படுத்தாது. "நிரந்தரம்" என்று சொல்லி அதை விற்றால் நம்பாதீர்கள். நரம்பு தானாகத் தேறலாம் என்பதால், அது அறுபட்டது உறுதியாகாதவரை, நாணை நிரந்தரமாக நடுவுக்குத் தள்ளும் தைரோபிளாஸ்டி அறுவைச் சிகிச்சைக்கு வழக்கமாக 6 முதல் 12 மாதம் பொறுப்பார்கள். அதில் குரல்வளைக் குருத்தெலும்பில் சிறு ஜன்னல் வெட்டி சிலிக்கோன் துண்டு வைப்பார்கள்; நோயாளியைப் பேசவைத்துக் கேட்டுக்கொண்டே அளவைச் சரிசெய்வார்கள். ஸ்பீச் தெரபியும் கூடவே வேண்டும்.

இன்னொன்றையும் தவறவிடுகிறார்கள். ரூமட்டாய்டு மூட்டுவாதத்தில் குரல்வளையின் குட்டி மூட்டு இறுகினால், அச்சு அசலாகச் செயலிழப்பு போலவே இருக்கும். காசநோயும் குரலைக் கெடுக்கும்; நம் ஊரில் அது அபூர்வமல்ல. மூக்கில் ஓயாத பொருக்கும் ரத்தமும், பெரியவர்களுக்குக் காதில் நீர், மூட்டுவலி எல்லாம் சேர்ந்து வந்தால் ரத்தக்குழாய் அழற்சி நோயா என்று பார்க்க வேண்டும். சிறுநீரில் ரத்தம், புரதம், கூடவே சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், இந்த அழற்சிக்கான ஆன்கா ரத்தப் பரிசோதனைகளைக் கேளுங்கள். கண்மூடித்தனமாக ஸ்டீராய்டு கொடுத்தால் இவை தற்காலிகமாக அடங்கி, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

புகைப்பவர், கழுத்தில் கட்டி உள்ளவர், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் நான்கு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். ஸ்கோப் வீடியோவையும் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் உண்மையில் ஸ்பெஷலிஸ்ட்தானா என்று தேசிய நிபுணர் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். புகார் இருந்தால் மலேசிய மருத்துவ மன்றத்துக்கு எழுதலாம். மூச்சு இழுக்கும்போது விசில் போலச் சத்தம் வந்தால் இரண்டு நாண்களுமே அசையாமல் இருக்கலாம். கிளினிக் தேடி அலையாமல் உடனே 999-க்கு அழையுங்கள்.