பயர்பாக்ஸ் உலாவியும் ஒரு பதவி விலகலும்

சென்னையில் நாள் முழுவதும் தமிழ்ப் பக்கங்களோடு வேலை செய்யும் எனக்கு, தமிழ் இடைமுகத்துடன் இலவசமாகக் கிடைக்கும் பயர்பாக்ஸ் நன்றாகப் பொருந்துகிறது. பின்தொடரும் விளம்பர நிரல்களை அது தானாகவே தடுக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியிலும் நீட்சிகளை, அதாவது உலாவிக்குக் கூடுதல் வசதி தரும் சிறு நிரல்களை, நிறுவலாம். சில இணையதளங்கள் மட்டும் குரோமையே எதிர்பார்க்கின்றன.

எனினும், இதை உருவாக்கும் மோசில்லாவில் 2014-இல் நடந்ததைச் சொல்லாமல் இந்த மதிப்புரை நிறைவு பெறாது. இணையப் பக்கங்களில் பயன்படும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியை உருவாக்கிய பிரெண்டன் ஐக், கலிஃபோர்னியாவில் தன்பாலினத் திருமணத்தைத் தடைசெய்யக் கோரி மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்ட 8-ஆம் முன்மொழிவுக்கு ஆதரவாக 2008-இல் 1,000 டாலர் நன்கொடை அளித்திருந்தார். அது 2012-லேயே வெளியே தெரிந்திருந்தும், தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக அவர் தொடர்ந்தார். தலைமைச் செயல் அதிகாரியான பிறகோ, எதிர்ப்பு வலுத்து, இரண்டு வாரங்களுக்குள் விலகினார்.

அந்த நன்கொடை வெறும் கருத்து அன்று. சக ஊழியர்கள் சிலரின் திருமண உரிமையையே அது தொட்டது என்பதால், அவர்களுடைய வேதனை முற்றிலும் நியாயமானது. ஆயினும், அனைவரையும் சமமாக நடத்துவதாக அவர் வெளிப்படையாக உறுதியளித்திருந்த நிலையில், பணியிடத்தில் பாகுபாடு காட்டினாரா என்பதை வைத்தே அவரை எடைபோட்டிருக்க வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன். அலுவலகத்துக்கு வெளியே ஒருவர் எந்தக் கட்சிக்குப் பணம் தருகிறார் என்பதைப் பார்த்துப் பதவியைப் பறிக்கும் வழக்கம் நம் ஊர் நிறுவனங்களில் வேரூன்றினால், முதலில் பாதிக்கப்படுவோர் மேலாளர்கள் அல்லர், சாதாரண ஊழியர்களே.

பயர்பாக்ஸின் மூல நிரல் எல்லாரும் பார்க்கும்படி திறந்திருப்பதால், தலைமையில் யார் இருந்தாலும் இந்த உலாவியைச் சோதித்தறிய முடியும். ஆகவே தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.